ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

இரவு பதினொன்றே கால்.
சமாதானபுரம், பிளக்ஸ் கடைக்கு மேல்மாடி.
ஏழுதலை நாகம் ஒருவழியாகச் செத்துவிட்டது.
தேரி மணலுக்கு அடியில் நான் கட்டிய நகரத்தில்
இனி யார் வேண்டுமானாலும் தண்ணீர் மொள்ளலாம்.
மேசையில் பகடைகள், காராச்சேவு எண்ணெய் ஏறிய வரைபடம்.
எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

ஆயிரத்து இருநூறு அனுபவப் புள்ளி, நாலு பேர்.
முந்நூறு முந்நூறு என்று முடித்தால்
வண்டியை எடுத்து வீடு போய்ச் சேரலாம்.

"கடைசித் தலைய வெட்டுனது யாரு?"
இசக்கிராஜா கேட்கிறான். அது கேள்வி இல்லை.
வெட்டினது அவன்தான். இருபது விழுந்தது.
எழுந்து நின்று அவன் போட்ட சத்தத்தில்
கீழே கடைக்காரர் ஷட்டரைத் தட்டினார்.
இருபது விழுந்ததற்கு
அவன் என்ன பாடுபட்டான்?

தளவாய் முதல் அரைமணியிலேயே செத்துப்போனான்.
பாலம் இடியும் என்று தெரிந்தே
மற்றவர்கள் தாண்டும்வரை நின்றான்.
கரண்ட் போனபோது
தன் பிணம் கிடந்த வரைபடத்துக்கு
அவன்தான் செல்போன் வெளிச்சம் பிடித்தான்,
கை மாற்றிக் கை மாற்றி.

மைதீன் வந்தது ஒன்பது மணிக்கு,
மேலப்பாளையத்தில் மருந்துக்கடையை அடைத்துவிட்டு.
வாளை உருவவே இல்லை.
"தலைவலி வந்தா எந்தத் தலைக்கு மாத்திரை போடுவீரு?"
என்று நாகத்திடம் கேட்டான்.
நாகம் சிரித்தது, அதாவது நான் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பில் அதற்கு ஒரு முறை போயிற்று.
என்னைச் சிரிக்கவைத்தவன் பக்கம்
என் பேனா சாயும். எனக்கே தெரியும்.

பிரிசில்லா ராத்திரி முழுக்கப் பேசியது ஒரே சொல்.
அதை அப்புறம் சொல்கிறேன்.
ஏழாவது தலைக்குக் கண் இல்லை என்று
அவள் எழுதி நகர்த்திய துண்டுச்சீட்டைத்தான்
இசக்கிராஜா தன் யோசனைபோல உரக்கச் சொன்னான்.
நான் பார்த்தேன்.
பார்த்ததோடு சரி.

பகலில் எனக்கு மதகுப் பதிவேடு எழுதுகிற வேலை.
தலைமடைக்காரர் ஆபீசுக்கே வந்து
மேசையைத் தட்டித் தண்ணீர் வாங்குவார்.
கடைமடைக்காரர் விடியுமுன் வந்து
ஈரம் படாத வாய்க்காலைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.
பதிவேட்டில் சத்தத்துக்குத்தான் கட்டம் இருக்கிறது.

எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதினேன்.
தளவாய்க்கு முந்நூறு.
இசக்கிராஜாவுக்கு இருநூற்று எண்பது.
மைதீனுக்கும் அதுவே போட்டு,
நான் சிரித்த சிரிப்புக்கு ஒரு பத்தைப் பிடித்துக்கொண்டேன்.
பிரிசில்லாவுக்கு முந்நூற்று நாற்பது.

இசக்கிராஜா ஒன்றும் சொல்லாமல்
கீழே போய் பைக்கை உதைத்தான்.
மூன்றாவது உதைக்குத்தான் கிளம்பியது.
அதை எதிர்பார்த்தேன்.
எதிர்பாராதது பிரிசில்லா:
"எனக்கு எதுக்குக்கா நாப்பது கூட?
சீட்ட நீங்க பாத்தீங்க. எனக்குத் தெரியும்.
அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"
பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
படியிறங்கிப் போனாள்.

அவள் சொன்னது சரி.
பதினொன்றே காலுக்குப் போடுகிற புள்ளி
எட்டரை மணிக்கு நான் வாயை மூடியிருந்ததை ஈடுகட்டாது.

காராச்சேவுத் தூளைத் துடைத்தபடி
கூட்டிப் பார்க்கிறேன்.
ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு.
மீதி பத்து.

முதல் மண்டபத்தில், உடைந்த பானைக்குப் பின்னால்
ஒரு குறளிக்குட்டி ஒளிந்திருந்தது.
இசக்கிராஜா வாளை ஓங்கினான்.
"விடு" என்றாள் பிரிசில்லா.
அந்த ஒரே சொல் அதுதான்.
அது தவழ்ந்து, ஆறு பிணம் தாண்டி,
இருட்டுக்குள் போயிற்று.

இவர்கள் நாலு பேரிடமிருந்து தப்பியிருக்கிறது.
அது மட்டும் அனுபவம் இல்லையா?

நோட்டின் கடைசிப் பக்கத்தில்
அதற்கு ஒரு பெயர் வைத்து
பக்கத்தில் பத்து என்று எழுதுகிறேன்.
இப்போது கணக்கு நேர்.
அடுத்த ஞாயிறு
அது எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கும் என்று
நான் இன்னும் முடிவு செய்யவில்லை.