முள் இருபதில்

வலது காலுக்குள் ஒரு கம்பி, ஏழு திருகாணி.
உதைக்கச் சொன்னால் அது யோசிக்கிறது.
வண்டிக்குப் பக்கத்தில் நின்று
இடது காலால் உதைத்தேன்; நாலாவதில் பிடித்தது.

மைதீன் புது ஹேண்டில்பார் போட்டும்
பழைய புல்லட் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கிறது.
நான் நடப்பதும் அப்படித்தான்.

உமையாள் எதுவும் சொல்லவில்லை.
தாடைக்கடியில் ஹெல்மெட் வாரை மாட்டி
ஒரு விரல் விட்டுப் பார்த்தாள்.

பள்ளத்தூர் வளைவு.
சரளை இன்னும் கூட்டாமலே கிடக்கிறது,
அதில் என் இண்டிகேட்டரின் ஆரஞ்சுச் சில்லு ஒன்று.
முள் இருபதில் நடுங்குகிறது. கையும்.

பின்னால் வந்த காரைக்குடி டவுன்பஸ்
ஒட்டி ஏறும்போது டிரைவர் தலையை நீட்டினார்:
“உருட்டிக்கிட்டே போக வேண்டியதுதானடா!”

எட்டு மாதமாக
‘பாத்து, பாத்து’ மட்டுமே கேட்ட காதில்
அந்த வசவு இதமாக விழுந்தது.
மூன்றாவது கியருக்கு
வலது கால் தானே போயிற்று,
வலித்துக்கொண்டு.