பைகளில் இருந்தவை

நாற்பதாம் ஆண்டு ஜனவரி. லடோகா ஏரிக்கு வடக்கே
ஒரு பள்ளிக்கூடம். கரும்பலகையில்
ஏழாம் வாய்ப்பாடு பாதியில் நின்றிருந்தது.
குதிரைகள் அவர்களை அங்கேதான் கொண்டுவந்தன.
விறகுபோல என்று சொல்ல வாய் வருகிறது.
விறகாவது அடுக்கினால் அடங்கும்.
இவர்களில் ஒருவன் கையைத் தூக்கியபடி,
ஒருவன் உட்கார்ந்தபடி,
விழுந்த வாக்கிலேயே உறைந்திருந்தார்கள்.

எங்கள் படையில் இறந்தவனை
அவன் ஊர்க் கல்லறைக்கே அனுப்பிவைப்பது வழக்கம்.
அந்த வேலை போதகர் வோர்னனெனுடையது.
உதவிக்கு நான். வயது பத்தொன்பது,
பால் பண்ணையில் கணக்கு எழுதியவள்.

உறைந்தவனைப் பெட்டிக்குள் வைக்க முடியாது.
முதலில் உருக வேண்டும்.
சவுனாவில் தணிந்த தீ மூட்டி
இரவெல்லாம் கூடவே உட்கார்ந்திருப்பார்.
"அவசரப்பட்டால் முகம் கெட்டுவிடும், சைமா.
பெற்றவள் மூடியைத் திறந்து பார்ப்பாள்."

ஜெபித்தாரா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள்.
ஜெபித்திருப்பார்.
என் காதில் நிற்பது அவர் சொல்லச் சொல்ல
நான் எழுதிய பட்டியல்தான்:
கரண்டி ஒன்று.
சீப்பு, இரண்டு பல் இல்லை.
முடிக்காத கடிதம், 'பசு கன்று போட்டதா' என்பது வரை.
ரொட்டித் துண்டு, கடித்த தடத்தோடு.
"ரொட்டியையுமா எழுதணும்?"
"எழுது. கடித்தது அவன்தானே."

இருநூற்று ஆறாம் எண்ணுக்குப் பெயர் இல்லை.
கழுத்து வில்லை இல்லை. முகமும் இல்லை.
ஒற்றைக் கம்பளிக் கையுறை மட்டும்.
சாம்பல் நிறம். பெருவிரல் எப்போதோ பிய்ந்து
சிவப்பு நூலில் மறுபடி பின்னப்பட்டிருந்தது.
வீட்டில் சாம்பல் நூல் தீர்ந்துபோயிருக்கும்.

அந்தப் பிரிவுக்கு ஆள் கொடுத்தவை மூன்று ஊர்கள்.
மூன்று ஞாயிறு, பனிச்சறுக்குப் பலகை கட்டிப் போனார்.
மூன்றாம் ஊரில் பிரசங்க மேடை ஏறி
பிரசங்கம் செய்யாமல்
கையுறையை உயர்த்திக் காட்டினாராம்.
யாரும் எழவில்லை. எங்கோ ஓர் இருமல்.
பலிபீடக் கிராதிமேல் அதை வைத்துவிட்டு
உள்ளறையில் அங்கியைக் கழற்றி வருவதற்குள்
சனம் கலைந்திருந்தது.
கையுறையும் இல்லை.

"பின்னாலேயே போய்க் கேட்டிருக்கலாமே" என்றேன்.
கண்ணாடியைத் துடைத்தார், நெடுநேரம்.
"இந்த வருஷம் ஒரு போதகன் வாசலுக்கு வந்தால்
என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா?"
பிறகு என்னிடமிருந்து ஏட்டை வாங்கி
இருநூற்று ஆறுக்கு நேரே, பெயருக்கான இடத்தில்
தன் சாய்ந்த கையெழுத்தில் எழுதினார்:
வீட்டில் தெரியும்.

பிப்ரவரி கடைசி. காட்டுக்குள்
மூன்று பேர் கிடப்பதாகத் தகவல் வந்தது.
குதிரைக்காரன் முடியாது என்றுவிட்டான்.
அவனைக் குறை சொல்ல மாட்டேன், நானும் போகவில்லை.
சறுக்கு வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு போனார்.
மூவரும் வந்து சேர்ந்தார்கள்.
அவர்களுக்கு மேலே, குறுக்காக, அவரும்.

தீயைக் குறைத்தே வைத்தேன்.
அவருக்குத் தாய் இல்லை, ஓர் அக்கா உண்டு.
அவள் திறந்து பார்ப்பாள்.
விடியும்போது விரல்கள் தளர்ந்தன.
பைகளைச் சோதித்தேன், அவர் செய்வது போலவே
உரக்கச் சொல்லிக்கொண்டு. எழுத வேறு ஆள் இல்லை.
பென்சில் துண்டு.
மூக்குக்கண்ணாடி, ஒரு பக்கம் கயிறு.
கழுத்து வில்லைகள் மூன்று, எதுவும் அவருடையதல்ல.
வேதப்புத்தகம்.
அதற்குள் சிவப்பு நூல், விரல் நீளம்.
யாராவது கொடுத்தார்களா,
அவரே பிரித்து எடுத்துக்கொண்டாரா, தெரியாது.
எழுதினேன்.

மூவருக்கும் எண் போட்டேன். அப்புறம் அவருக்கு.
முந்நூற்று நாற்பத்து நான்கு.
பெயர், ஊர், பிறந்த தேதி.
'பணி' என்ற கட்டத்துக்கு வந்தபோது
வாசலில் குதிரை கனைத்தது.
இன்னும் அந்தக் கட்டம்
காலியாகத்தான் இருக்கிறது.