கால் சுற்று

காக்கி புக்கிட் மூன்றாம் மாடி.
எண்ணெய்த்துணி விரித்த மேசையில் இரண்டு.

ஒன்று பித்தளைக் குமிழ்.
உள்ளே ஒரு குண்டு, ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான்.
நாற்பது வெள்ளி.
மற்றது திரையும் சோலினாய்டும்;
கியருக்கொரு பூஸ்ட் வைத்துக்கொள்ளலாம்.
அறுநூற்றைம்பது, கூலி தனி.

"குமிழ் பொய் சொல்லாது" என்றான் பூன் கியட்,
"ஆனால் நட்டநடு வெயிலும் விடிகாலை மழையும்
அதற்கு ஒன்றுதான்."

போன சனிக்கிழமை இரவு
துவாஸ் பக்கம், மூன்றாவது கியரில்,
முள் ஒன்று தசம் நான்கைத் தாண்டித் துள்ளியது.
நான் காலை எடுத்துவிட்டேன்.
எடுத்தபின்னும் சற்றுநேரம்
ஏறிக்கொண்டே இருந்ததுபோல்.
இதை பூன் கியட்டிடம் சொல்லவில்லை.

சிஓஇ முடியப் பதினான்கு மாதம்.
விரைவுச்சாலையில் தொண்ணூறு,
அதற்கும் மேலே ஒரு கேமரா.

"எதைப் பூட்டட்டும்?"

பழைய குழாயையே மாட்டு என்றேன்.
வேஸ்ட்கேட் ஸ்பிரிங் தருவது போதும்.
அவன் சிரிக்கவில்லை,
அதற்காகவே நாற்பது வெள்ளியை நீட்டினேன்.

வண்டி நாளைக்குத்தான்.
பேருந்தில் சன்னலோர இருக்கை.
கால்சட்டைப் பைக்குள்
குமிழைத் திருகினேன், கால் சுற்று.
இன்னொரு கால்.

பேருந்து
ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது.