செல்லம், சாட்சியத்தில்

பாலக்காட்டுக் குடும்பக் கோர்ட்டில்
தமிழைத் தூக்கி மலையாளத்தில் வைப்பது என் வேலை.
கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதி,
அந்தப் பக்கத்துச் சண்டைகளெல்லாம்
என் வாய் வழியாகத்தான் ஜட்ஜம்மாவிடம் போகும்.
நாள்படி நானூற்றைம்பது.

அன்று கூண்டில் திருமூர்த்தி,
தேங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவன்.
எதிரே கோகிலவாணி.
யாரோடு போவதென்று தீராமல்
வெளியே பெஞ்சில் ஆறு வயசு மகிழினி.

"புள்ளைக்குச் செல்லம் குடுத்துக் குடுத்தே
கெடுத்துப்போட்டாளுங்க" என்றான்.

நான் வாய் திறக்குமுன்
டைப்பிஸ்ட் ஷைலஜா அடித்துவிட்டாள்:
எதிர்கட்சி குழந்தைக்குச் செல்லம் கொடுத்தாள்.
ஜட்ஜம்மா கண்ணாடியை மேலே தள்ளினார்.
"ஏது செல்லம்? முறுக்கான் செல்லமோ? வெள்ளியோ?"

சீதனப் பட்டியலைப் புரட்டினார்கள்.
பதினோரு பவுன், பீரோ, ஸ்கூட்டி,
குத்துவிளக்கு ஒரு ஜோடி.
செல்லம் இல்லை.
அப்படியொரு பொருளைத் தன் கட்சிக்காரர்
ஒளித்து வைக்கவில்லையென்று
திருமூர்த்தியின் வக்கீல் எழுந்தே நின்றுவிட்டார்.

வெற்றிலைப் பெட்டி இல்லையம்மா, என்றேன்.
பின்னே என்ன, என்றார்.

அங்கேதான் நின்றுபோனேன்.
லாளனம் என்றால் பவுடர் வாசனை அடிக்கிறது.
வாத்ஸல்யம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வருகிறது.
கொஞ்சல் கிட்டத்தட்ட வரும்,
ஆனால் அது வாயோடு சரி.
செல்லத்தைக் கொடுக்க வேண்டும்.
அதுவும் நான் கொடுத்தேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்,
நீதான் கொடுத்தாய், அவள்தான் கொடுத்தாள்
என்றே வரும்.
பின்னாலேயே 'கெடுத்து' வரும்,
எஞ்சினுக்குப் பின்னால் பெட்டி மாதிரி.
இதையெல்லாம் நாள்படிக்குள் எப்படிச் சொல்ல?

என்னென்ன கொடுத்தாள், கேளுங்கள் என்றார்.

தோசைக்குச் சர்க்கரை.
ஒவ்வொரு திங்கட்கிழமையும்
வயிற்றுவலியை நம்பியது.
கோழிக்குஞ்சைப் போர்வைக்குள் விட்டது.
வீட்டுப்பாடத்தைத் தானே எழுதிக் கொடுத்து,
அதிலும் இரண்டு கணக்கு தப்பாகி,
டீச்சரிடம் மாட்டிக்கொண்டது.

ஷைலஜா அடித்துக்கொண்டே போனாள்.
கோழிக்குஞ்சுக்கு மட்டும் ஒரு நொடி நிறுத்தினாள்.

கோகிலவாணியிடம் கேட்டார்கள்.
பதினோரு வருஷத்தில்
அந்தச் சொல்லைத் தன்மையில் நான் கேட்டது
அன்றைக்குத்தான்.
"குடுத்தேனுங்க.
பவுனைத்தான் திருப்பிக் கேக்கறேன்.
இதைக் கேக்கலை.
அவரு வேணும்னா லிஸ்ட்ல சேர்த்துக்கட்டும்."

லாளிச்சு வஷளாக்கி என்று பதிவாயிற்று.
பிழையில்லை. அகராதி ஒப்புக்கொள்ளும்.
கெட்டுப்போன சத்தம் மட்டும் அதில்
கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

மத்தியானம் கோர்ட் கலைந்தது.
கேட்டுக்கு வெளியே, மேட்டுப் பனையிலிருந்து இறக்கிய நுங்கு.
திருமூர்த்தி ஒரு டஜன் வாங்கி
சைக்கிள் ஷெட்டின் நிழலில் உட்கார்ந்தான்.
பக்கத்தில் மகிழினி, செருப்பைக் கழற்றிவிட்டு.
பழுப்புத் தோல் ஒட்டியிருந்தால் துவர்க்கும்.
நகத்தால் ஓரம் பிடித்து
உள்ளே தண்ணீர் உடையாமல்
முழுசாக உரித்து ஊட்டினான்.
நாலாவதை அவள் துப்பினாள்.
"தோலு இருக்குப்பா."
கையை நீட்டி வாங்கிக்கொண்டு
அடுத்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உரித்தான்.

அப்போது நான் கடந்துபோனேன்.
அவன் விரல் நின்றது.
கூண்டுக்கு வெளியே நடப்பதை
நான் மொழிபெயர்ப்பதில்லை என்று
அவனிடம் சொல்லியிருக்கலாம்,
எந்த மொழியிலும் வரவில்லை.

எனக்கும் ஒன்று நீட்டினான்.
தோலோடு.