கால் குளிசை

நாற்பது மில்லிகிராமை நாலாய் உடைப்பது
பாசையூரில் என் வேலை.
சவர பிளேட்டின் பாதி, கவிழ்த்த பீங்கான் கோப்பை,
மூச்சை அடக்கிய கை.
முதல் வெட்டு நேராய் விழும்.
இரண்டாவதில் ஒரு துண்டு பெருக்கும்,
ஒன்று சிறுக்கும்,
மிச்சம் மா.
விரல்நுனியில் ஒற்றி எடுத்த மாவை
எந்த நேரத்துக் கணக்கில் சேர்ப்பது
என்று டொக்டர் சொல்லவில்லை.

பூனைக்குப் பெயர் சட்டம்பி. பதினாறு வயது.
இதயம் தடித்துப்போச்சாம்,
சுவர் தடிக்கத் தடிக்க
உள்ளே அறை ஒடுங்குமாம்.
கேட்டுக்கொண்டிருந்தபோது
எங்கள் வீடுதான் ஞாபகம் வந்தது.

றெஜினோல்ட் அண்ணனும் நானும் கதைத்துப்
பதினொரு மாதம்.
ஒரு படகு எஞ்சின் விற்ற காசு.
விறாந்தை அவருக்கு, குசினி எனக்கு,
பூனை இரண்டு பேருக்கும்.
காலை ஆறு மணிக் குளிசை அவர்,
சூடைமீன் வயிற்றுக்குள் வைத்து.
இரவு எட்டு மணி நான்.
கலண்டரில் அவர் நீலப் புள்ளி, நான் சிவப்புக் கோடு.
ஒருமுறை மட்டும்
'டோரின் முடியுது' என்று எழுதியிருந்தார்.
கீழே நான், 'தெரியும்.'

டோரின் தூள் கொழும்பு பஸ்ஸில் வரும்.
வராத கிழமைகளில் மட்டி அவிப்பேன்.
உப்பில்லாமல் எதையும் அவித்துப் பழகாத கை
உப்புப் போத்தல் வரை போய்
வெறுமனே திரும்பும்.

பாமசியில் புதுப் பெட்டை கேட்டாள்,
'ஆருக்கு? வயசு?'
'சட்டம்பிக்கு. பதினாறு.'
'பள்ளிக்கூடப் பிள்ளைக்கோ இதய வருத்தம்?'
முகம் வாடிப்போச்சு.
நான் திருத்தவில்லை.
இப்போது போகும்போதெல்லாம் விசாரிப்பாள்.
'பரவாயில்லை,' என்பேன்,
'மதில் மட்டும் ஏறுறதில்லை.'

ஐப்பசி மழையில் கரண்ட் போன இரவு
தடவித் தடவிக் கொடுத்தேன்,
தடவித் தடவிக் கோடு போட்டேன்.
வெளிச்சம் வந்தபோது
எட்டு மணிக் கட்டத்தில்
என் சிவப்புக்குக் கீழே ஒரு நீலம்.

விறாந்தைக்குப் போனேன்.
'நீங்களும் குடுத்தனீங்களோ?'
'நீ செபமாலைக்குப் போட்டாய் எண்டு...'
அவர் நம்பரை அமத்த, நான் பேசினேன்.
காலைக் குளிசையை விடச் சொன்னார் டொக்டர்.
தண்ணீர் வைக்கச் சொன்னார்.
நித்திரையில் மூச்சை எண்ணி
நிமிசத்துக்கு முப்பது தாண்டினால் எடுக்கச் சொன்னார்.

நித்திரை எங்கே?
தண்ணிக் கோப்பைக்கும் மண்பெட்டிக்குமாய்
நடந்து முடித்து
இரண்டு மணிக்கு
அண்ணனின் சாரத்தில் சுருண்டது.
அவர் மணிக்கூட்டைப் பார்க்க, நான் விலாவைப் பார்க்க,
இருபத்தேழு.
'இருபத்தெட்டு,' என்றார்.
'நீங்கள் மணிக்கூட்டையெல்லோ பாத்தனீங்கள்.'
'எனக்கு மடியிலை தெரியுது.'
திரும்ப எண்ணினோம். திரும்பவும் சண்டை.
எஞ்சினின் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை.
சட்டம்பி ஒரு கண்ணைத் திறந்து
எங்களைப் பார்த்துவிட்டு மூடியது.

விடிந்தது. ஆறு மணிக் கட்டம் வெறுமையாய்க் கிடந்தது.
மட்டி வாங்க அவர் வெளிக்கிட்டார்.
படலையைத் திறந்து, நின்று, திரும்பி,
'உப்புப் போட்டிடாதை,' என்றார்,
நான் ஒருநாளும் போடாத உப்பை.