இன்னா வாரேன்

குளியலறைக் குழாய்
கழுத்தில் கசியத் தொடங்கியது
திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு.
சொட்டு. கொஞ்சம் யோசனை. மறுபடி சொட்டு.

இசக்கிபாண்டிக்குப் போன் போட்டேன்.
"இன்னா வாரேன்க்கா" என்றார்.
சமாதானபுரத்திலிருந்து எங்கள் தெருவுக்கு
நடந்தாலே கால் மணி நேரம்.

திங்கள் வந்தது, அவர் வரவில்லை.
செவ்வாய், "வண்ணார்பேட்டைல நிக்கேன், இன்னா வாரேன்."
புதன், "மழ வெறிக்கட்டும்க்கா, வாரேன்."
வியாழன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

வாளி நிறைய நிறைய
எனக்குள் வேறொன்று நிறைந்தது.
பல் தேய்க்கையில் அவரைத் திட்டினேன்.
பள்ளிக்கூட ஆபீசில் சம்பளப் பில்லில்
ஒரு வாத்தியாரின் இனிஷியலைத் தப்பாக அடித்துவிட்டு
அதற்கும் அவரைத் திட்டினேன்.
ராத்திரி முழங்காலில் நின்று
"ஆண்டவரே" என்றேன். சொட்டு.
"உம்முடைய சமாதானத்தை" என்றேன். சொட்டு.
ஆமென் வருவதற்குள்
வாளி மாற்ற எழுந்து போனேன்.

இரண்டாம் ஞாயிறு
இரண்டாவது மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.
ஐயர் காத்திருத்தலைப் பற்றிப் பேசினார்.
வருகிறேன் என்றவர் வருவார்,
நாம்தான் தூங்கிவிடுகிறோம் என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு
சிரிப்பைப் பங்கு வைக்கப் பக்கத்தில் திரும்பினேன்.

யாருமில்லை.

பதினோரு வருடமாய் அது கிரேனாப்பு உட்காரும் இடம்.
எங்கள் வரிசையில் ஆல்ட்டோ பாடத் தெரிந்த ஒரே ஆள்.
ஐப்பசி அடைமழையில் வழுக்கி விழுந்து
இடுப்பு ஒடிந்து
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.
அன்றைக்குப் போனில் அழுதவளிடம்
நான் சொன்ன வார்த்தை
மாறாமல் ஞாபகம் இருக்கிறது:
"இன்னா வாரேன் பிள்ள."

ஏழு வாரம்.

அதன் பிறகு பிரசங்கம் காதில் விழவில்லை.
சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.
கோயிலில் குழாயே கிடையாது.

ஆசீர்வாதம் முடிந்ததும் பஸ் ஏறினேன்.
வார்டு வாசலில் செக்யூரிட்டியிடம் கெஞ்சினேன்.
அடுத்த கட்டில் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து
"ஓ, அந்தக்கா நீங்கதானா?
நாலு மணி ஆயிட்டா இவிய
வாசலயே பாத்துக்கிட்டுக் கெடப்பாவ" என்றாள்.

கிரேனாப்பு ஒன்றும் சொல்லவில்லை.
தலைமுடி சடையாய்த் திரண்டிருந்தது.
சிக்கெடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.
"மெல்ல இழுட்டி, ஒனக்கு என்ன அவசரம்?"
ஒன்றுமில்லை என்றேன்.
முதல்முறையாக அது உண்மையாகவும் இருந்தது.

வீடு திரும்பும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.
எதிர்வீட்டுப் பையன் ஓடிவந்தான்:
"பிளம்பர் அண்ணன் வந்தாவ.
பூட்டிக் கெடக்குன்னு போயிட்டாவ."

ஒருவர் வந்தபோது நான் இல்லை.
ஒருத்தி காத்திருந்த இடத்தில் இருந்தேன், பிந்தித்தான்.
எது எந்தக் கணக்கில் சேரும் என்று
ஐயரிடம் கேட்கப் போவதில்லை.

வாளி வழிந்துகொண்டிருந்தது.
கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றினேன்.
மழையில் ஊறி நிற்கும் கன்றுக்கு
அது வேண்டியதே இல்லை.

போன் அடித்தது.
"என்னக்கா, வந்தேம்லா, ஆளக் காணோம்?
நாளைக்குக் காலைல இன்னா..."
"வாங்க இசக்கிபாண்டி."
என் குரலை நம்பாமல்
கொஞ்சம் நேரம் லைனிலேயே நின்றார்.

ராத்திரி முழங்காலில்.
சொட்டு.
மெஞ்ஞானபுரத்துச் சித்தி, கண் ஆபரேஷன்.
சொட்டு.
ஆபீஸ் பியூனிடம் வாங்கிய முந்நூறு ரூபாய்.
சொட்டு.
பெயர் வரவில்லை.
அவசரப்படாமல்
அடுத்த சொட்டுக்குக் காத்திருந்தேன்.