இருபது வினாடி

வேனின் பின்கதவைத் திறந்துவைத்து
வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறேன்.
மடியில் லேப்டாப்.
வெளியே ஜெனரேட்டர்
இருமி இருமி மின்சாரம் தருகிறது.
நாரின் மைதானத்தில் நவம்பர்.
நுனி வெட்டிய கையுறையில்
விரல்நுனிக்கு மட்டும் பனிக்காலம்.

திரையில் இரண்டு ஜன்னல்கள்.
இடப்பக்கம், அடுத்து வரப்போவது.
வலப்பக்கம், உலகம் பார்ப்பது.
உலகம் என்றால்
இன்றைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
முக்கால்வாசி மாஸ்கோவில் தட்டு கழுவுகிறவர்கள்,
சுவருக்குப் பூச்சு பூசுகிறவர்கள்.
ஒருத்தி மட்டும் எகடெரின்பர்க் ரொட்டிக் கடையில்
மாவுக் கையோடு.
என் அபா, என்னைப் பெற்றவள்.

மூன்று கேமரா.
ஒன்று, நடுவர் மேடைமேல், கடன் வாங்கியது.
இரண்டு, தலாய்பெக்கின் தோளில்;
அவனுக்குக் குதிரைகளைவிடக்
கூட்டத்துப் பெண்கள்மேல்தான் குறி.
மூன்று, என் கைப்பேசி,
விளக்குக் கம்பத்தின் உச்சியில்
டேப் சுற்றிக் கட்டியது.

சூதாடிகள் தொல்லை தாங்காமல்
ஒளிபரப்பை இருபது வினாடி பிந்தவைத்திருக்கிறேன்.
அதாவது, இங்கே
ஆட்டுடல் கசானுக்குள் விழுந்து
ஊரே கத்தி முடித்து மூக்கைச் சிந்தும்போது
அங்கே அவர்கள்
இன்னும் நகம் கடித்துக்கொண்டிருப்பார்கள்.
இருபது வினாடிக்கு நான் சின்னக் கடவுள்.
சம்பளம், பெட்ரோல் காசும்
உப்பில் காய்ந்த தயிருருண்டை ஒரு பொட்டலமும்.

மூன்றாம் சுற்று.
எட்டுக் குதிரை, ஒரே புழுதி.
கேமரா இரண்டுக்கு வெட்டினேன்.
வெட்டின அதே நொடி
பழுப்புக் குதிரை முன்கால் மடங்க
என் தம்பி பெக்தூர்
சேணத்திலிருந்து கழன்று
அதன் அடியில் போனான்.

நல்ல ஷாட், என்றது மனசு.
அதைச் சொன்ன மனசை
இன்னும் நான் மன்னிக்கவில்லை.

மலையைக் காட்டும் கேமரா ஒன்றுக்குத் தாவினேன்.
என்ன பயன்?
விழுந்தது ஏற்கெனவே வரிசையில் நிற்கிறது,
பதினாறு வினாடியில்
ரொட்டிக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.
மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு:
ஒளிபரப்பை நிறுத்து, தேங்கியதைக் கொட்டிவிடு.
அதுவரை அதைத் தொட்டதில்லை.

பன்னிரண்டு.
தம்பி அசையவில்லை.
பத்து.
யாரோ குதிரையைப் பிடிக்கிறார்கள்.
ஏழு.
புழுதி புழுதி புழுதி.
நாலில்
அழுத்தினேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் இருட்டு.

பிறகுதான் அவன் எழுந்தான்.
வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு
குதிரையின் தாயைப் பற்றி என்னமோ சொன்னான்.

அப்போது மூன்றாவது கேமரா உறைந்தது.
கைப்பேசித் திரையை
அப்படியே அனுப்பும் மலிவு ரகச் செயலி அது.
மைதானம் இருந்த கட்டத்தில்
பச்சை வட்டம், சிவப்பு வட்டம்,
நடுவே பெரிய எழுத்தில்: அபா.
எட்டாத உயரத்தில்
கம்பத்தோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தாள்.
நின்றது. மறுபடி. மறுபடி.

விழுந்ததை நான் ஒருமுறை பார்த்தேன்.
நான் காட்டாததை
அந்த இருட்டில் அவள்
எத்தனை முறை பார்த்தாளோ.

தாமதத்தைப் பூஜ்யம் ஆக்கினேன்.
சூதாடிகள் எக்கேடோ கெடட்டும்.
எப்படியும் மூன்று நான்கு வினாடியை
வழியில் வானம் எடுத்துக்கொள்ளும்,
அதைக் கேட்க ஆளில்லை.
"முகம்! அவன் முகத்துக்குப் போ!"
தலாய்பெக் முதன்முறையாகச் சொன்னபடி கேட்டான்.
நொண்டிக்கொண்டு வந்தவன்
பல்லெல்லாம் மண்ணாகச் சிரித்தான்.
பார்வையாளர் எண்ணிக்கை: ஒன்று.
பிறகு ஒன்பது. நாற்பது.
அந்த முதல் ஒன்று யாரென்று
மென்பொருள் சொல்லாது.

இரவில் பதிவைப் போட்டுப் பார்த்தேன்.
லேப்டாப் தன்னிடம் உள்ள பிரதியில்
எதையும் கொட்டுவதில்லை.
என் மைக் திறந்தே இருந்திருக்கிறது.
ஜெனரேட்டர் இருமலுக்கு மேலே ஒரு குரல்
குலுன், குலுன் என்கிறது.
குதிரைக்குட்டி என்று அர்த்தம்.
அபா மட்டுமே அவனைக் கூப்பிடும் பெயர்,
என் வாயில் அது வந்ததே இல்லை
என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தத் துண்டை மட்டும் தனியே வெட்டி வைத்திருக்கிறேன்.
இருபது வினாடி.
இன்னும் அவளுக்கு அனுப்பவில்லை.